சுண்டுவின் இடது கை

வில்லைப் பிடித்திருந்தது ஐந்தாம் வகுப்பு சுண்டு ஒருத்திதான். யோசனை சொல்வதற்கோ வீடே பள்ளி மைதானத்துக்கு வந்திருந்தது.

“முழங்கையைத் தூக்கு” என்றார் அப்பா.

“தோளை இறக்கு” என்றாள் அம்மா.

இருவருமே ஒருநாளும் வில்லைத் தொட்டதில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போய், அம்பு வைக்கோல் பலகைக்குக் கீழே மண்ணில் குத்தியது.

நாளை பள்ளி அணிக்குத் தேர்வு. மிச்சமிருப்பது ஒரே இடம். ஆறு அம்பில் குறைந்தது நான்கு சிவப்பு வட்டத்துக்குள் போக வேண்டும். அவளுடைய அம்புகளோ கீழே கீழே போயின.

இதில் தம்பி வேறு. “இதுவும் போச்சு” என்று ஒவ்வொன்றுக்கும் வர்ணனை.

“கொஞ்சம் வாயை மூடுறியா?”

“அம்பு போற இடத்தைத்தானே சொல்றேன்.”

சுண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவன் வாய் எப்படியும் சும்மா இருக்கப்போவதில்லை. அதற்கு ஒரு வேலையாவது கொடுப்போம் என்று நினைத்தாள்.

“எனக்குப் பின்னாடி நில்லு. அம்பைப் பார்க்காதே, என்னைப் பாரு. என்ன தப்புன்னு சொல்லு.”

மூன்று அம்பு வரை தம்பி பேசவே இல்லை. அதுவே பெரிய அதிசயம்.

“அக்கா, அம்பு கிளம்பும்போதே உன் இடது கை கீழ வந்துடுது. நீ எட்டிப் பாக்குற.”

“நான் எங்கடா எட்டிப் பார்த்தேன்?” என்று எரிந்து விழுந்தாள்.

அடுத்த அம்பில் கவனித்தாள். எட்டித்தான் பார்த்தாள். எங்கே பட்டது என்று பார்க்கும் அவசரத்தில், வில் பிடித்த கையை இறக்கிவிடுகிறாள்.

விறுவிறுவென்று போய், வட்டம் போட்ட தாளைத் திருப்பி ஒட்டினாள். இப்போது அது வெறும் வெள்ளைத் தாள். எட்டிப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. ‘தொப்’ என்று சத்தம் கேட்கும்வரை கையை இறக்குவதில்லை என்று முடிவு செய்தாள்.

“வட்டமே இல்லாம எதைம்மா அடிக்கப்போற?” அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அப்பா, அக்காவைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்றான் தம்பி, பெரிய மனுஷன் மாதிரி.

தொப். தொப். கடைசி ஆறு அம்பும் ஒரு சாண் இடத்துக்குள் நெருக்கியடித்து நின்றன.

மறுநாள் தேர்வில் ஓர் அம்பு தவறியது. மற்ற ஐந்தும் சிவப்புக்குள் இறங்கின. பயிற்சியாளர் பைனாகுலரில் இரண்டு முறை எண்ணிப் பார்த்து, பட்டியலில் அவள் பெயரை எழுதினார். நிமிர்ந்தால், சுண்டு வில்லை நீட்டியபடி அசையாமல் நின்றிருந்தாள்.

“நீ அணியில சேர்ந்தாச்சும்மா” என்றார். “இப்பவாவது அந்தக் கையை இறக்கு.”