அடுகோடியில் அழிந்த ஸ்பூல்

அல்போன்சா கதவைத் தட்டவில்லை. தொம்மலூர் மாடியறைக்குள் நேராக வந்து, கையிலிருந்த அட்டைப்பெட்டியை ஞானசேகரனின் மேஜைமேல் போட்டாள். காப்பி டம்ளர் ஆடியது.

“எட்டு மாச வேலை சார்! இன்னைக்குக் காலைல இந்த டேப் ஸ்பூலை மெஷின்ல மாட்டினேன், பிளேயைத் தட்டினேன். உஸ்ஸுனு வெறும் இரைச்சல். கடைசி வரைக்கும் அதான். எவனோ அழிச்சிட்டான். எவனோ என்ன எவனோ, உதயாதான்!”

ஞானசேகரன் டம்ளரை நகர்த்தி வைத்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் துருவிப் பழகி, பிறகு தனியாகத் துப்பறிய வந்தவர். பிறர் கோபம் அவரை அவசரப்படுத்தாது. அவருடைய உதவியாளர் ருக்கு அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

அது 1994, பெங்களூர். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்துப் பிழைத்த அல்போன்சா, பாட்டே இல்லாத ஓர் இசைத்தொகுப்பைச் செய்துகொண்டிருந்தாள். முழுக்க சிந்தசைசர். கோலார் தங்கவயலில் அப்பா இறங்கிய சுரங்கக் கூண்டின் அதிர்வையே தாளமாக்கியிருந்தாள். ஊரில் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இருந்த ஒரே பிரதி இந்த ஸ்பூல்.

“ஸ்டூடியோ சாவி யார் யாரிடம்?”

“என்கிட்ட. ஓனர் ஸ்ரீகண்டன்கிட்ட. ரெக்கார்டிங் பண்ற உதயாகிட்ட. அப்புறம் இதுக்குப் பணம் போட்ட வெங்கடகிருஷ்ணன், சிவாஜிநகர்ல வீடியோ கேசட் வாடகைக்கு விடறாரே, அவர்கிட்ட.”

“உதயா ஏன்?”

“போன வாரம் சண்டை. எல்லார் முன்னாடியும் திட்டினேன். பழி தீர்த்துட்டான். ஓனர் இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிக்கிறாரு. போகட்டும்!”

“மாட்டினதும் பிளேயா? அதுக்கு முன்னாடி ஒண்ணும் செய்யலை?”

“டேப் ஆரம்பத்துலதான் சார் இருந்துச்சு.”

ஞானசேகரன் ஸ்பூலைச் சற்று நேரம் பார்த்தார். “வாங்க, அடுகோடி போவோம்.”

“உதயா மூஞ்சியிலேயே திருட்டுக் களை சார்,” என்றாள் ருக்கு, ஆட்டோவில்.

“நீ இன்னும் அந்த மூஞ்சியைப் பார்க்கவேயில்லையே ருக்கு.”

லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஸ்டூடியோவில் மூவரும் காத்திருந்தார்கள். உதயா பையைக் கட்டி வைத்திருந்தான்.

“வாம்மா! துப்பறியவே ஆளா? ஜமாய்,” என்றான்.

“போனது போச்சு, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா,” என்றார் வெங்கடகிருஷ்ணன். அல்போன்சாவுக்கு அவர் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

ஞானசேகரன் பழைய ஸ்பூல்கள் மூன்றை எடுக்கச் சொன்னார். “ஒவ்வொண்ணோட கடைசிப் பாட்டையும் கேக்கணும். முடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணா எடுத்துப் பெட்டியில வெச்சிடுங்க.”

முதல் ஸ்பூல் ஓடி முடிந்தது. ஸ்ரீகண்டன் அப்படியே கழற்றிப் பெட்டியில் வைத்தார். அடுத்ததை உதயாவும் முணுமுணுத்தபடி அப்படியே எடுத்து வைத்தான்.

“எனக்கு மெஷின் பத்தி என்னா சார் தெரியும்?” என்றபடியே வெங்கடகிருஷ்ணன் எழுந்தார். மூன்றாவது ஸ்பூல் முடிந்ததும் அவர் விரல் தானாக நகர்ந்து ஒரு பொத்தானை அழுத்தியது. ஸ்பூல் விர்ரென்று பின்னோக்கிச் சுற்றியது.

 காலையில் தான் எதைச் செய்யவில்லை என்பது அல்போன்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“நான் ரீவைண்ட் பண்ணவே இல்லையே!”

“அதேதான்,” என்றார் ஞானசேகரன். “ஸ்பூலைத் திருப்பிச் சுத்தி வெச்சா, ஒரு சுத்தோட சத்தம் அதுக்கு முன்னாடி வர்ற சுத்துல ஒட்டிக்கும். பாட்டு வர்றதுக்கு முன்னாடியே அதோட நிழல் கேக்கும். அதனால இங்க வேலை செய்யறவங்க முடிஞ்ச நிலையிலேயே வைப்பாங்க. அடுத்த வாட்டி மாட்டினதும் முதல்ல ரீவைண்ட் பண்ணியாகணும். உங்களுக்கு அந்த வேலையே வைக்காம ஒருத்தர் சுத்தி வெச்சிருக்கார். அது ஸ்டூடியோக்காரர் கை இல்லை. கேசட் கடைக்காரர் கை.”

“ஆமா சார்!” ருக்கு துள்ளினாள். “ரீவைண்ட் பண்ணாத கேசட்டைத் திருப்பி வாங்க மாட்டோம்னு அவர் கடையில போர்டே மாட்டியிருக்கார். போன மாசம் நானே திட்டு வாங்கினேன்.”

“பழக்கதோஷம் சார்! இதெல்லாம் ஒரு சாட்சியா?”

“கோர்ட்டுக்குப் போதாதுதான். ஆனா மெஷினே தெரியாதவருக்கு எந்தப் பொத்தான்னு மட்டும் எப்படித் தெரிஞ்சது?”

வெங்கடகிருஷ்ணனின் முகம் சிவந்தது. “சரி, நான்தான்! என்ன இப்ப? ஒரு குரல் இல்லை, ஒரு சாமி பேர் இல்லை, எவன் வாங்குவான்? பாட்டு சேருன்னு கெஞ்சினேன், கேட்டாளா? இன்னொரு டேப்புல காப்பி எடுத்தேன், அது மேலயே பக்திப் பாட்டை ஏத்திட்டேன். ஒரிஜினல் இருந்தா இவ விடுவாளா?”

“என் அப்பா இறங்கின கூண்டு மேல உன் பஜனையாடா?” அல்போன்சா பாய்ந்தாள். ருக்கு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ரீகண்டன் கையை நீட்டினார். வெங்கடகிருஷ்ணன் சாவியை அதில் வைத்துவிட்டு வெளியேறினார்.

உதயா பையைத் தோளில் மாட்டினான்.

“உதயா. நான் சொன்னது தப்பு,” என்றாள் அல்போன்சா.

“எல்லார் முன்னாடியும்தானே சொன்னே?”

“எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அவங்க முன்னாடியே சொல்றேன். தப்பு, தப்பு, தப்பு. போதுமா?”

அவன் அவளையே பார்த்தான். பிறகு பையை இறக்கினான். “எட்டு மாசம் வாசிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கா?”

அல்போன்சா சிந்தசைசரின் உறையை உருவி எறிந்தாள்.

“டேப் போடு,” என்றாள். “கோபம் ஆறறதுக்குள்ள வாசிக்கணும்.”