மிச்சப் பஞ்சு

பஞ்சு ஈரமாக இருந்தது. அப்படி இருக்கக் கூடாது. லைட்டரில் ஊற்றிய பெட்ரோல் பத்து நாளில் ஆவியாகிவிடும். இந்த லைட்டரோ பதினோரு வருடம் பெட்டிக்குள் கிடந்தது. ஆனாலும் அடியிலிருந்த கம்பளித் துண்டை இடுக்கியால் தூக்கியதுமே வாசனை மூக்கில் அறைந்தது.

"யாரு ஊத்துனது?" என்றார் லைட்டர் பழுதுபார்க்கும் கடைக்காரர்.

"யாரும் தொடல. அவரு போன பிறகு இன்னைக்குத்தான் பெட்டியத் தொறந்தேன்," என்றாள் அவர் தங்கை. கணவன் செத்து ஒரு மாதம்தான் ஆகிறது. அழவில்லை. அதே குரலில் சொன்னாள்.

"உன்கிட்டதான் குடுக்கச் சொன்னாரு. இந்தத் தடவையாவது மிச்சம் வைக்காம எடுக்கச் சொல்லு உங்கண்ணன'ன்னாரு."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பழைய பஞ்சை ஒட்ட எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். தொழிலில் முதல் பாடம் அது. பதினோரு வருடத்துக்கு முன்பு, மாப்பிள்ளைதானே, பிரித்தா பார்க்கப் போகிறார் என்று பழசின் மேலேயே புதுசைத் திணித்துக் கொடுத்தார். பெட்ரோல் உள்ளே இறங்காமல் வழிந்தது. பற்றவைத்த மாப்பிள்ளையின் கையையே நெருப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் வலது கட்டை விரலை வெட்டி எடுத்தார். அன்றோடு பேச்சும் நின்றது.

"சாரல் அடிக்குது. ஷட்டர இறக்கிட்டு வெளிய உக்காந்திருக்கேன். நீ வேலையப் பாருண்ணே."

ஷட்டர் இறங்கியது. மத்தியானம் மூன்று மணிக்கே கடைக்குள் விளக்கு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

வழக்கமாக ஒரு லைட்டருக்குள் ஐந்து பஞ்சு உருண்டை இருக்கும். ஆறாவது வந்தது. ஏழு, எட்டு. பன்னிரண்டாவதுக்குப் பிறகு உருண்டையாக வரவில்லை, கயிறு போலத் திரிந்து வந்தது. இரண்டு விரல் அகல லைட்டருக்குள்ளிருந்து மேசை நிறைய, பிறகு மடி நிறைய, பிறகு தரையில் சரிந்து செருப்பை மூடி, நனைந்த ஆட்டைக் கட்டி அணைத்ததுபோல் கனத்து, மூச்சை அடைக்கும் நெடியோடு அது வந்துகொண்டே இருந்தது. கிணறு வெட்டப் பூதம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். லைட்டரைப் பிரித்தால் மெத்தை வரும் என்று யாரும் சொன்னதில்லை.

நிறுத்தலாம்தான். ஆனால் மிச்சம் வைக்காதே என்றல்லவா மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருக்கிறார். இழுத்தார்.

வெள்ளையாக வந்த பஞ்சு பழுப்பானது. பிறகு கருகல். பெட்ரோல் நெடிக்கு அடியில் இன்னொரு வாடை. சுட்ட நகம்.

இடுக்கியைக் கீழே போட்டார்.

பஞ்சு நிற்கவில்லை. தானாகவே வந்தது.

முழங்கால்வரை ஈரப் பஞ்சு. அதை உழக்கிக்கொண்டு ஷட்டரை அடைந்தார். தூக்கினார். அசையவில்லை. வெளியே பூட்டு குலுங்கியது.

"ஏம்மா! தொற!"

"முடிஞ்சிருச்சாண்ணே?"

"விளையாடாத. உள்ள பூரா பெட்ரோல். ஒரு பொறி விழுந்தா போதும், என் எலும்புகூட மிஞ்சாது!"

மழைச் சத்தம். பிறகு தங்கையின் குரல், சோறு வெந்ததா என்று கேட்கும் அதே நிதானத்தில்.

"நாந்தான் பதினோரு வருசமா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். மிச்சம் இருக்கா பாரு."

"இல்லம்மா... இல்ல... எல்லாம் வந்திருச்சு."

செருப்புச் சத்தம் மழைக்குள் நடந்து போனது.

திரும்பிப் பார்த்தார். பஞ்சு நின்றிருந்தது. இடுப்பளவு. அதன் மேல், விளக்குக்கு நேர் கீழே, லைட்டர் மட்டும். காலியாக.

காலியாக இல்லை.

அடி ஓட்டையிலிருந்து ஏதோ நெளிந்து வந்தது. கறுப்பாக. நுனியில் நகம். கட்டை விரல்.

ஒரு கணு மடங்கியது. இரண்டாவது கணு. மூன்றாவது. கட்டை விரலுக்கு அத்தனை கணு கிடையாது. லைட்டரின் பக்கவாட்டில் ஏறியது. அவசரமில்லாமல், குருடன் வாசற்படியைத் தேடுவதுபோல், தடவித் தடவி மேலே போனது.

பொறி கிளப்பும் சக்கரத்தின் மேல் படிந்தது.

அழுத்தியது.