குறைந்துபோன நாற்பத்து நான்கு கிலோ

சில்வியா டீச்சர் எழுந்த பிறகும் கட்டில் எழவில்லை.

சனிக்கிழமை, பள்ளி அரை நாள். மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, காபிக்குப் பால் வைக்கலாமென்று எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பியவள் கண்ணில் அது பட்டது. நாடாக் கட்டில். ஆள் படுத்தால் தொட்டில் மாதிரி தொய்யும், எழுந்தால் நாடாக்கள் முனகிக்கொண்டே மேலே வந்து விறைக்கும். இப்போது அவள் படுத்திருந்த பாதி விறைத்துவிட்டது. சுவரோரத்துப் பாதி, அவள் படுக்காத பாதி, தரையை உரசுகிற அளவுக்குத் தொய்ந்தே கிடந்தது. நாடா பழசு என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பால் பொங்குகிற நேரத்தில், உள்ளே நாடாக்கள் ஒவ்வொன்றாக முனகி விறைக்கும் சத்தம் கேட்டது.

அந்தக் கட்டில் தொய்ந்ததில் என்ன அதிசயம் என்று தெரு கேட்கும். மைசூர் நஜர்பாத்தில் அந்தச் சந்துக்கு வழி சொல்வதே ‘குண்டு டீச்சர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி’ என்றுதான். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் புருஷன் எட்வர்ட் வருஷத்துக்கு இரண்டு தரம் அந்தக் கட்டிலுக்கு நாடா மாற்றுவான். தொண்ணூற்றேழு பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு நர்சிங் ஹோமில் அவள் இரைப்பையைச் சுருக்கி, வரிசையாக ஸ்டேப்ளர் பின் அடித்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் ஒரு இட்லியே விருந்து. தசராவுக்கு அரண்மனையில் விளக்குப் போட்டபோது அறுபத்தெட்டு கிலோ. தெருவுக்கு இதில் நஷ்டம்தான், வழி சொல்ல வேறு அடையாளம் தேட வேண்டியதாயிற்று. ஆனாலும் பெருந்தன்மையாகப் பாராட்டியது.

வலியைத்தான் யாரும் பாராட்டவில்லை.

ஏப்ரலில் ஆரம்பித்தது. இடது விலாவுக்குக் கீழே. குத்துவதில்லை, எரிவதில்லை. இழுக்கும். புடவைத் தலைப்பு ஆணியில் மாட்டிக்கொண்டதை அறியாமல் நடந்தால் பின்னுக்குச் சுண்டுமே, அதுபோல உள்ளிருந்து சுண்டும். கண் இருட்டிச் சுவரைப் பிடித்து நிற்க வேண்டும். ஆபரேஷன் செய்த டாக்டர் செந்தில்நாதன் மாதம் இரண்டு வியாழக்கிழமை மைசூர் வந்து, சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடியில் நோயாளிகளைப் பார்ப்பார். முதல் தடவை வாயு என்றார். இரண்டாவது தடவை ஸ்கேன், குழாய் விட்டுப் பார்த்தல், எல்லாம் நார்மல். மூன்றாவது தடவை வீட்டில் ஏதாவது கவலையா என்று எட்வர்டைக் கேட்டார், அவளை அல்ல. மேஜைமேல் விரித்திருந்த அவளுடைய ஃபைலை அன்று தலைகீழாகவே படித்துவிட்டாள். டீச்சராயிற்றே. ‘எடை குறைப்பு மிகத் திருப்தி. கம்ப்ளைன்ட்ஸ் நில்.’

நில். மூன்று தடவை வந்து அழுதது எல்லாம் சேர்த்து, ஒன்றுமில்லை, நில்.

எதிர்வீட்டு உமாதேவி சும்மா இருப்பாளா. திருஷ்டி என்று உப்பு சுற்றிப் போட்டாள், சீரகத் தண்ணீர் கொடுத்தாள், அதற்கும் அடங்கவில்லை என்றதும் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

“இவ்ளோ அழகானப்புறமும் வலிக்குது வலிக்குதுன்னா யாரு டீச்சர் நம்புவாங்க? சும்னே ஏன் வாயால வரவழைச்சுக்கறீங்க?”

எட்வர்ட் நல்லவன். ஆனால் அவனும் இப்போதெல்லாம் வலி என்றதும் செய்தித்தாளை ஒரு விரற்கடை உயர்த்திப் பிடிக்கிறான்.

ஆகவே சில்வியா ஒரு நோட்டுப் போட்டாள். எட்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவளுக்கு அதுதான் வரும். தேதி, நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தாள். சாப்பாட்டோடு சேருகிறதா? இல்லை. குனிந்தால், தூக்கினால்? இல்லை. மூன்று வாரம் எழுதிவிட்டு, ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாமல் உட்கார்ந்து பார்த்தபோது ஒரே ஒரு விஷயம் எல்லா வரியிலும் இருந்தது. கதவு. குளியலறைக் கதவைச் சாத்தினேன். பஸ் கதவு சாத்தியது. ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திவிட்டு வேகமாக நடந்தேன்.

சோதனை செய்யாமல் முடிவுக்கு வரக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வாள். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். விலாவுக்குக் கீழே சுண்டியது, மூச்சு நின்றது. கதவை ஒரு சாண் திறந்தாள். காத்திருந்தாள். வெளியே எட்வர்டின் ரேடியோவில் கன்னடச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, வாளியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஈரச் சுவரின் பாசி வாசனை வந்துகொண்டிருந்தது. பிறகு அந்த வாசனைக்கு மேலே வேறொன்று வந்தது. முகப்பவுடர். பவுடரும் வியர்வையும் சேர்ந்து புளித்த வாடை. வயிற்று மடிப்புகள் உரசிப் புண்ணாகாமலிருக்க வருஷக்கணக்கில் டப்பா டப்பாவாகக் கொட்டிப் பூசிய பவுடர். அதை வாங்குவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது.

இழுப்பு தளர்ந்தது. யாரோ உள்ளே வந்த மாதிரி.

அதற்கப்புறம் அவள் கதவுகளைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். வீட்டை விட்டுக் கிளம்பினால், தான் வெளியே வந்த பிறகு மூன்று எண்ணும்வரை கதவைத் திறந்து வைத்திருந்துவிட்டுத்தான் பூட்டுவாள். தெரு இதைக் கவனிக்காமல் விடுமா? டீச்சர் யாரையோ வழியனுப்புகிறாள் என்றார்கள். இல்லை, யாரையோ கூட்டிக்கொண்டு போகிறாள் என்று உமாதேவி திருத்தினாள். சிரிப்பதற்காகச் சொன்னாள். சிரித்தார்கள்.

பள்ளியில் மாடிப்படி இருபத்திரண்டு. முன்பெல்லாம் பதினொன்றாவது படியில் நின்று, கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு வாங்கி, மீதியை ஏறுவாள். இப்போது ஒரே மூச்சில் ஏறினாள். மேல்படியில் நின்று திரும்பினால், கீழே, பதினொன்றாவது படியருகில், அந்தத் துருத்திச் சத்தம். படியில் ஒருவரும் இல்லை. சத்தம் ஓய்ந்தது. பிறகு, பன்னிரண்டு. பதின்மூன்று.

ஒரு நாள் தேவராஜ மார்க்கெட்டில் காய் வாங்கி ஆட்டோவில் வந்தாள். அவள் வலது ஓரம் உட்கார்ந்திருந்தாள், வண்டி இடது பக்கம் சாய்ந்தே ஓடியது. ஆட்டோக்காரன் இரண்டு முறை இறங்கி இடது டயரை உதைத்துப் பார்த்தான்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வலி என்று சொன்னதற்கே மனசு என்றவர்கள், இதைச் சொன்னால் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து காபி குடிப்பார்கள். எட்வர்டிடம் மட்டும் ஒரு வார்த்தை, நாடா ஏன் அந்தப் பக்கம் தொய்கிறது என்று கேட்டாள்.

“சில்வி, போன மாசந்தான் மாத்தினேன். நீ சாப்பிடற சாப்பாட்டுக்கு அது இன்னும் பத்து வருஷம் வரும்.”

நவம்பர் முதல் வியாழன் மழை. எட்வர்ட் லீவு கிடைக்காது என்றான். அவளுக்கும் தெரியும், அது லீவு அல்ல, வெட்கம். குடையும் நோட்டுமாகத் தனியே போனாள். இன்று ஃபைலை மூடப்போவதாகப் போன தடவையே டாக்டர் சொல்லியிருந்தார். மூடிவிட்டால் அப்புறம் எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நில்தான் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். வலி இருக்கிறது என்று இன்று அவர் கையால் ஒரு வரி. எழுதாமல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

கிளினிக் மாடிப்படியில் ஏறினாள். பின்னால் அந்தத் துருத்திச் சத்தம்.

உள்ளே நுழைந்து கதவைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆயா சித்தம்மா ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

டாக்டர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். பெங்களூரில் டாக்டர்கள் கூட்டத்தில் காட்டுவதற்காக அவளுடைய இரண்டு படங்களை ஒட்டி வைத்திருந்தார், ஆபரேஷனுக்கு முன், பின். முன்படத்துச் சில்வியா நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்து நேராகப் பார்த்தாள். அவளைப் பார்க்கச் சில்வியாவுக்குப் பயமாக இருந்தது.

நோட்டை நீட்டினாள். இரண்டு பக்கம் புரட்டி, கையெழுத்து அழகு என்றார்.

“ரிப்போர்ட் எல்லாம் நார்மல்மா. உங்களை மாதிரி ரிசல்ட் எனக்கு வேற யாருக்கும் வரல. நீங்க சந்தோஷமா இருக்கணும்.”

“ரிப்போர்ட்டுக்கு வலிக்கல டாக்டர். எனக்கு வலிக்குது. ‘நில்’னு எழுதியிருக்கீங்க. அதை அடிச்சிட்டு, வலி இருக்குன்னு எழுதுங்க. காரணம் தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க.”

அவர் பேனாவை மூடினார். ஒரு சைக்யாட்ரிஸ்டுக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார். கடைசியாக ஒரு எடை எடுத்து ஃபைலை முடித்துவிடலாம் என்று சித்தம்மாவைப் பார்த்தார்.

சித்தம்மா கட்டிலடியிலிருந்து எடை மெஷினைக் காலாலேயே தள்ளி அறை நடுவுக்குக் கொண்டுவந்தாள். வட்டக் கண்ணாடி, சிவப்பு முள், நிற்குமிடத்தில் கறுப்பு ரப்பர். போன வாரம்தான் வகுப்பில் பூஜ்யப் பிழை நடத்தினாள். அளக்குமுன் முள் எங்கே இருக்கிறது என்று பார், அளந்த பின்னும் பார். இத்தனை மாதத்தில் எத்தனை தடவை இந்த மெஷினில் ஏறியிருப்பாள். எண்ணைப் பார்த்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள், சிரித்துக்கொண்டே இறங்குவாள். இறங்கிய பின் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாளா?

“ஏறுறதுக்கு முன்னாடி முள்ளைப் பாருங்க டாக்டர். பூஜ்யம். சரியா?”

சரி என்று பொறுமையாகத் தலையாட்டினார். ஏறினாள். அறுபத்தெட்டு. அவர் குனிந்து எழுதினார். அவள் இறங்கினாள். ஒரு காலடி, இரண்டாவது காலடி. விலாவுக்குக் கீழே சுண்டியது. திரும்பிப் பார்த்தாள்.

முள் இறங்கியது. ஐம்பது. நாற்பத்தாறு. நாற்பத்து நான்கு.

நின்றது.

“டாக்டர்.”

அவர் பார்த்தார். மெஷின்மேல் ஒன்றுமில்லை. ரப்பரில் அவளுடைய ஈரக் காலடி மட்டும்.

“மெஷின் கெட்டோய்த்து சார்,” என்று சித்தம்மா வழக்கம்போல் காலால் தள்ளினாள். நகரவில்லை. இன்னொரு தரம் தள்ளினாள். பிறகு காலை மெதுவாக இழுத்துக்கொண்டு சுவரோரம் போனாள்.

டாக்டர் மேஜையைச் சுற்றி வந்தார். குனிந்து ஓரத் திருகைத் திருப்பினார். கண்ணாடியை விரலால் தட்டினார். நாற்பத்து நான்கு. குனிந்தவர் மூக்கு சுருங்கியது. பவுடர் வாடை. மெஷினுக்கு மேலே, வெறும் காற்றை நோக்கி அவர் கை உயர்ந்தது. பாதியில் நின்றது. திரும்பி வந்துவிட்டது.

வெளியே மழை. மேலே மின்விசிறி.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக, கிட்டத்தட்ட காதோடு, அவர் கேட்டார்.

“எங்கே வலிக்குதுன்னு சொன்னீங்கம்மா?”

அவர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார், சில்வியா கேட்ட வரி இதோ வரப்போகிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது சும்மா நிற்கவில்லை. மாடி ஏறி வந்த களைப்பு தீராத ஒருவர் மேலே நின்றுகொண்டிருந்தால் எப்படி ஆடுமோ அப்படி, ஒரு கோடு மேலே, ஒரு கோடு கீழே.

நாற்பத்தைந்து. நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து.