நேரடி ஒளிபரப்பில் இரண்டு நிமிடம்

“ஆறு மணிக்குத் தீர்ப்பு, அங்கிள். அதோட என்ர தம்பியின்ர ஓட்டம் முடிஞ்சுது.”

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கிய றோஸிக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை.

யோகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்து. வெள்ளவத்தையிலிருந்து முப்பது வருடம் கோட்டைக் கந்தோருக்கு ரயிலில் போய்வந்த கிளாக்கர் அவர். ஓய்வுபெற்ற பிறகு, அயலில் எது காணாமற்போனாலும் அவரிடம்தான் வந்து சொல்வார்கள்.

“இருந்து ஆறுதலாச் சொல்லுங்கோ, பிள்ளை.”

ஐந்து நாள் சைக்கிளோட்டம். கடைசி நாளான இன்று, இரண்டு மணி முதல் நாலரை வரை, கொள்ளுப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே, கடலை ஒட்டி ஓடும் காலி வீதியில் பத்துச் சுற்று. றோஸியின் தம்பி, கொட்டாஞ்சேனை பேதுருதான் முதலாவது. ஆனால் நாலு மணிக்கு, ரீவி நேரடி ஒளிபரப்பில், அவன் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி இழுபட்டுப் போவதை ஊரே பார்த்தது.

“பிடிக்கவேயில்லை எண்டு மாதாமேல சத்தியம் பண்ணுறான். தீர்ப்புப் பிழைச்சா அணியும் அவனை வெளியில கலைச்சுப்போடும். அவனுக்கு வேற தொழில் தெரியாது.”

பக்கத்து வீடியோக் கடை மஷூர் அதைக் கேட்டுக் கசெற்றோடு பாய்ந்து வந்தார்.

“முழுக்கப் பதிஞ்சு ஈக்கி, சேர்! ஆனா பாத்தா பொடியன் வசமா மாட்டி ஈக்கிறான்.”

“வாயைக் கழுவும்!” என்றாள் றோஸி.

திரையில் பேதுரு. இடது கை மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில். நல்ல வெயில். அவனுடைய நிழல் நீண்டு, கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் வாயைத் தொட்டது. ஒழுங்கையின் முடிவில் கடல் மினுங்கியது.

“இன்னொருக்காப் போடும்,” என்றார் யோகநாதன். பார்த்ததும் எழுந்தார். “கசெற்றை எடும். ஓட்டோவைக் கூப்பிடும்.”

கொள்ளுப்பிட்டி நடுவர் அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது ஐந்து ஐம்பத்திரண்டு. தலைமை நடுவர் றேமண்ட் பேதுருவை நீக்கும் தாளில் கையொப்பமிடப் பேனாவைத் திறந்திருந்தார். ஒளிபரப்பை இயக்கிய ஹியூபேட் பக்கத்தில். பேதுரு சுவரோரம் நின்றான். மஷூர் கசெற்றை ஓடவிட்டார்.

“நீங்கள் கரையோர ரயிலில வேலைக்குப் போனதுண்டோ?” என்று றேமண்டைக் கேட்டார் யோகநாதன்.

“எனக்கு நேரமில்லை, மிஸ்ரர்.”

“காலமை கோட்டைக்குப் போறவை கடற்பக்கம் இடம் பிடிப்பினம். பின்னேரம் வரேக்க மற்றப் பக்கம். வெயில் படக்கூடாதெண்டுதான். பின்னேரச் சூரியன் கடலுக்கு மேல நிக்கும். நாலு மணிக்கு நிழல் தரைப்பக்கம் விழவேணும். இதில கடலைப் பாத்து விழுது. இது காலமை எடுத்த படம்.”

“யா அல்லாஹ், நான் மூணு தரம் பாத்தனே!” என்றார் மஷூர்.

பேதுரு நிமிர்ந்தான். “காலமை றோட்டை மூடிக் கமரா ஒத்திகை வெச்சவை. அப்ப பிடிச்சனான். ஓட்டத்தில இல்லை!”

“ஏன் முதலே சொல்லேல்லை?” என்றார் றேமண்ட்.

“எனக்கு ஆர் படத்தைக் காட்டினது?”

எல்லாரும் ஹியூபேட்டைப் பார்த்தார்கள். அவர் நெற்றியைத் துடைத்தார்.

“கமராவில இருந்து படம் வாறது நிண்டுபோச்சு. ரெண்டு நிமிசம். கையில ஒத்திகைக் கசெற்தான் இருந்தது, போட்டன். அதில இவன் பிடிச்சிருக்கிறதைக் கவனிக்கேல்லை. பிறகு சொல்லப் பயமாப் போச்சு.”

“திரையில மேல ‘நேரடி’ எண்டும் எழுதியிருந்தது,” என்றார் யோகநாதன்.

றேமண்ட் தாளைக் கிழித்தார். “வெற்றி பேதுருவுக்குத்தான்.”

பேதுரு அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். றோஸி அவனிடம் போகவில்லை. ஹியூபேட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ரெண்டு நிமிசம் கறுப்பாக் காட்டியிருந்தா என்ன போயிருக்கும்?”

“என்ர வேலை, மிஸ்.”

“இவனுக்கும் இது வேலைதான்,” என்றாள் றோஸி.