இப்பத்தான் உள்ளே போச்சு

“இப்பத்தான் உள்ள போச்சாம்! நாலு வாட்டியா இதே பாட்டு. நீங்க வர்ற நேரம் பாத்துத்தான் அது உள்ள போவுமா?”

“அதுக்கு நான் இன்னா பண்றது? சிறுத்தை இன்னா உங்கப்பன் வளர்த்த பூனையா, மாப்பிள்ளை வந்திருக்காருன்னு சொன்னா வெளிய வர்றதுக்கு?”

“எங்கப்பாவ இழுக்காதீங்க. ஆம்பூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி, புளிசாதம் கட்டிக்கினு, வெயில்ல நடந்து போயி வெறும் கூண்டப் பாத்துட்டு வர்றோம். குரங்குதான் பாக்கணும்னா நம்ம ஸ்டேஷன்லயே வேணும்ங்கற மட்டும் இருக்கு!”

ஜெயபுஷ்பம் தொடக்கப்பள்ளி டீச்சர். கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டிப் பழகிய குரல். பக்கத்து வீட்டு சுகரா பேகம் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் சுவர்கள் கண்ணை மறைக்கத்தான், காதை மறைக்க இல்லை.

“வுடும்மா டீச்சரு, அதுக்கும் பேஜாரா இருக்கும். எத்தினி பேருக்குத்தான் மூஞ்சி காட்டும்?” என்று சுவருக்கு மேலே சமாதானம் சொன்னார் பேகம்.

துவைக்கிற கல்லின்மேல் நின்று காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் எட்டு வயது கிரேஸி. சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் சொன்னாள்:

“நான் பாத்தேனே.”

“எதடி?”

“சிறுத்தைய. நீங்க ரெண்டு பேரும் கம்பிகிட்ட நின்னு சண்ட போட்டீங்க இல்ல, அப்ப வெளிய வந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்பாவத்தான் பாத்துச்சு. அப்பா திரும்பறதுக்குள்ள உள்ள போய்ட்டுது.”

ஜெயபுஷ்பத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “கண்ணு, பாத்துட்டியா! அப்ப போன காரியம் ஆச்சு” என்று மகளைத் தூக்கிக்கொண்டாள். சண்டை அதோடு தீர்ந்தது. பேகம் சற்று ஏமாற்றத்துடன் முறத்தை எடுத்தார்.

அவள் புருஷன் ஏசுராஜ் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தக் கூண்டில் இரண்டு மாதமாக எதுவும் இல்லை. ஊர் உலகத்தில் அது தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அதில் ஒருவர் அவர்.

முந்தின வருஷம், 1973-இல், கிரேஸி டைபாய்டில் இருபத்தொரு நாள் கிடந்தபோது கொடுத்த வாக்கு அது. எழுந்து நட, உனக்குச் சிறுத்தை காட்டுகிறேன். வேலூரைத் தாண்டி மலையடிவாரத்தில் அப்போது ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை இருந்தது. முதல் தடவை போனபோது உண்மையிலேயே அப்போதுதான் உள்ளே போயிருந்தது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. அந்த மிருகக்காட்சி சாலையில் கறி தின்னும் மிருகங்களைப் பட்டினி போட்டு, உள்ளறையில் அடைத்துக் கூண்டைக் கழுவும் நாளும் வெள்ளிக்கிழமைதான். மதியத்துக்கு முன்னால் போனால் பார்க்கலாம். நம் ஆட்கள் தொழுகையும் சாப்பாடும் முடிந்த பிறகுதான் பஸ் ஏறுவார்கள். தோல் பதனிடும் ஊரில் பாதிப் பேர் சிறுத்தையின் வாலைக்கூடப் பார்த்ததில்லை. இரண்டாம் தடவை ஏசுராஜ் காலையிலேயே கிளப்பினார். மழை பிடித்துக்கொண்டது. அது வெளியே வரவில்லை.

அப்போதுதான் அங்கே காவல் பார்த்த வேலாயுதம் பழக்கமானார். நீங்கள் எங்கே வேலை என்று கேட்டார். ஏசுராஜும் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. தரம் பிரிக்கிற மேஸ்திரி. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தோலின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். தானாகச் செத்த மாட்டின் தோலில் ரத்தம் உள்ளேயே நின்று, உட்புறம் நரம்பு நரம்பாகக் கறுத்துத் தடித்திருக்கும். கழுத்தறுத்து ரத்தம் வடித்த மாட்டின் தோல் வெளுத்து வழுவழுவென்று இருக்கும். கையே சொல்லிவிடும், எது தானாகச் செத்தது, எது கொல்லப்பட்டது என்று.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, யாருமில்லாத ஷாப்புக்குப் பின்கட்டில் வேலாயுதம் ஒரு கோணிச் சுருளோடு நின்றார்.

“காய்ச்சல்ல போய்ட்டுது மேஸ்திரி. எரிக்கச் சொல்லிட்டாங்க. எனக்கு மனசு வரல. ஒரு பெரிய மனுஷர் வீட்டு ஹாலுக்குக் கேக்கறாங்க. முடியோட பதம் பண்ணணும். உங்க கைதான் கை.”

இருபது வருஷம் ஆடு, எருமை, மாடு. இப்படியொன்றை ஏசுராஜ் தொட்டதே இல்லை. உப்புப் படிந்த கோணியைப் பிரித்தார். மஞ்சளும் கறுப்புமாக அது விரிந்தது. திருப்பி, உட்புறம் கை வைத்தார்.

வெளுத்து, வழுவழுவென்று இருந்தது.

கையை எடுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் வேலையைச் செய்ய முடியாது. அதனால் கேட்கவில்லை. சுண்ணாம்பு போட்டால் முடி கழன்றுவிடும் என்பதால் படிகாரமும் உப்பும் முட்டைக் கருவும் பிசைந்து, மூன்று வெள்ளிக்கிழமை, உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். இடது காதில் ஒரு கிழிசல் இருந்தது. மெழுகு நூலால் ஏழு தையல் போட்டார். போட்டது தெரியக்கூடாது, தெரியவில்லை. பிறகு என்ன ஆயிற்றோ, பெரிய மனுஷர் பயந்துவிட்டார், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வேலாயுதம் சொல்லி அனுப்பினார். தோல், பின்கட்டுக் கொட்டகையில் பலகையில் அடித்தபடி நின்றது. கூண்டில் பெயர்ப்பலகை மாட்டியபடி நின்றது. வருகிறவர்களுக்கெல்லாம் வேலாயுதம் “இப்பத்தான் உள்ள போச்சு” என்றார். மூன்றாம் தடவையும் நான்காம் தடவையும், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அதை நம்புகிறவர் மாதிரி ஏசுராஜும் நின்றார்.

பிள்ளைகள் பொய் சொல்லும். அப்படித்தான் அன்றைக்குச் சமாதானம் செய்துகொண்டார். ஆசைப்பட்டதைப் பார்த்ததாகச் சொல்லும். அவ்வளவுதான்.

புதன்கிழமை பொழுது சாயும் நேரம். ரயில்வே கேட்டில் சைக்கிளை நிறுத்தியிருந்தார், பின்னால் கிரேஸி. பாலாற்றுப் பக்கமிருந்து ஷாப்புகளின் வாடை வழக்கம்போல் காற்றோடு வந்து சட்டையில் ஒட்டியது. ஊறல் தோலும் மரப்பட்டை ஊறிய தண்ணீரும் கலந்த அந்த வாடை ஆம்பூர்க்காரர்களுக்கு மூக்கில் ஏறுவதேயில்லை. ஆனால் அன்று அதற்குள்ளே வேறொன்று இருந்தது. முட்டைக் கருவின் கவிச்சி. அவர் மூக்கைச் சுருக்கிய அதே நேரம் முதுகில் சின்ன விரல் தட்டியது.

“அப்பா, அங்க பாரு. புளியமரத்தாண்ட.”

திரும்பினார். புளியமரம். அதன் கீழே வெயில் போன வெறும் மண்.

“ப்ச். இப்பத்தான் அந்தாண்ட போச்சு. ஒரு செகண்டு முந்தித் திரும்பியிருந்தா பாத்திருப்பீங்க.”

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் கிணற்றடியில். கோயிலிலிருந்து வந்து வெள்ளைச் சட்டையைக் கூட மாற்றவில்லை. சுகரா பேகத்தின் சேவல் கூவிக்கொண்டே இருந்து, பாதியில், யாரோ கழுத்தைப் பிடித்தமாதிரி நிறுத்தியது. மாட்டுச் சாணி காய்கிற வாசனை, சாம்பார் கொதிக்கிற வாசனை, அவற்றை விலக்கிக்கொண்டு அந்தக் கவிச்சி. கிரேஸி தொட்டிக்குப் பின்னால் கை காட்டினாள். அவர் திரும்பினார். ஈரக் கல். ஒன்றுமில்லை.

“ஒவ்வொரு வாட்டியும் நீங்க விட்டுடறீங்கப்பா” என்றாள், அவருக்காக வருத்தப்பட்டு. “பாவம், அதுக்குக் காதுல அடி போலக்குது. இந்தப் பக்கக் காதுல தையல் போட்டிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏழு தையல்.”

ஜெயபுஷ்பம் அடுப்படியிலிருந்து சிரித்தாள். “எத்தினி அழகா கற்பன பண்றா பாருங்க. உங்க மவளாச்சே, எல்லாம் எண்ணிக்கையா சொல்லுது.”

ஏசுராஜும் சிரிக்கப் பார்த்தார். வாய் மட்டும் கோணியது.

அன்று மாலையே கொட்டகைக்குப் போனார். பூட்டைத் திறந்தார். பலகையில் தோல் இருந்தது. இருக்கிறது. அப்பாடா என்று வந்தது. ஆணிகளைத் தடவி எண்ணினார், ஒன்றும் குறையவில்லை. பிறகு, கை தன் பாட்டுக்கு, பழக்கத்தில், தோலின் ஓரத்தை நெம்பி உட்புறம் போயிற்று.

தடித்திருந்தது.

நரம்பு நரம்பாக. வேர் மாதிரி. கழுத்திலிருந்து வயிறு வரைக்கும், கறுத்து, ரத்தம் நிறைந்து. படிகாரத்தில் வெளுத்து அவர் கையால் உலர்ந்த தோல். விரலுக்கடியில் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நரம்பு, மெல்ல, தட்டியது.

பூட்டைப் போட்டாரா என்று அவருக்கே நினைவில்லை.

இதை ஒழிக்க வேண்டும். எரித்தால் புகை வரும், வாடை வரும், ஆள் வரும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் குழி தோண்டிப் புதைத்திருப்பான். ஏசுராஜ் தோல்காரர். அவருக்குத் தோன்றியது தோல்காரனுக்குத் தோன்றுவதுதான்: சுண்ணாம்புக் குழி. வெள்ளிக்கிழமை காலை, ஷாப்பு ஓய்ந்து கிடந்தபோது, ஒரு கம்பியால் ஆணிகளை நெம்பினார். கைபடாமல் தள்ளினார். சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீர் அதை விழுங்கியது. பகல் முழுக்கக் குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு கறுப்புப் புள்ளி மிதந்து வந்தது. பிறகு நூறு. பிறகு மஞ்சள் மஞ்சளாக, கொத்துக் கொத்தாக, முடி முழுவதும். வெயில் சாயும்போது குழியின்மேல் ஒரு சிறுத்தையின் நிறம் மட்டும் படர்ந்து கிடந்தது. கழியை விட்டுத் துழாவினார். அடியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கரைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். சுண்ணாம்பு தோலைக் கரைக்காது, முடியை மட்டும்தான் எடுக்கும் என்பது இருபது வருஷம் அதையே செய்தவருக்குத் தெரியாதா? தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. இன்னும் இருட்டவில்லை. ஜெயபுஷ்பம் விளக்கேற்ற மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தாள். உள்ளே பாயில் கிரேஸி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள்மேல் விழுந்திருந்தது. பாயின் மறுபாதி நிழலில் இருந்தது. முட்டை வாடை இல்லை. சுண்ணாம்பு.

“சத்தம் போடாதீங்கப்பா. தூங்குது.”

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இப்ப வேற மாரி ஆயிட்டுது. புள்ளியெல்லாம் போச்சு. முடியே இல்ல. வெள்ளையா, ஈரமா… ரொம்பக் குளிருது அதுக்கு.”

அவளுடைய வலது கை நிழலுக்குள் இருந்தது. மெதுவாக, முன்னும் பின்னும், எதையோ தடவிக்கொண்டிருந்தது.

“கைய எடு.”

“நடுங்குதுப்பா.”

“கிரேஸி. கைய எடும்மா.”

எடுத்தாள். உள்ளங்கை வெந்து உரிந்திருந்தது, சுண்ணாம்பில் நாள் முழுக்க வேலை பார்த்தவன் கை மாதிரி. அவள் அழவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

“நீங்கதானேப்பா கழட்டினீங்க?”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அது உங்களத்தான் பாத்துக்கினே இருக்கு.”

முதல் தடவையாக அவர் திரும்பவில்லை. மகளை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, எண்ணெய் டின்னோடு எதிரே வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேலாயுதம், கோணி, தையல், எல்லாம். கை வைத்ததுமே தெரிந்தது, ஆனாலும் செய்தேன் என்பதையும். எங்கள் தெரு வாசலில் நின்றுதான் கேட்டது. ஜெயபுஷ்பம் கத்துவாள் என்று காத்திருந்தது. அவளோ பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் கால் வைக்காமல், அந்த டின்னை வாசலில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நடந்தாள்.

வேலூருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டாள். கிரேஸி அங்கேயே படித்து நர்சானாள். எண்பத்தெட்டில் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் சாந்தகுமாரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு எங்கள் தெருவே போயிற்று. பெண் வலது கையில் மட்டும் வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள், அழகாகத்தான் இருந்தது. சுகரா பேகம் வீட்டார் அதற்கு முந்தியே மேல்விஷாரம் போய்விட்டார்கள். சேவல் கூவுவதில்லை என்று காரணம் சொன்னார்கள். வேலாயுதம் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. ஏசுராஜ் மகளைக் கைபிடித்துக் கொடுத்த கையோடு, சாப்பிடக்கூட நிற்காமல் பஸ் ஏறினார்.

அந்த வீட்டில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். சித்திரை வெயிலிலும் ஒரு கம்பளியை எடுத்துப் பாயில் தன் பக்கத்தில் விரித்துப் போர்த்துகிறார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்கிறார். முதுகுக்குப் பின்னால் கம்பளி மெல்ல எழும்பித் தாழ்கிறது. ஈரம் பாயில் ஊறி அவர் பக்கம் வருகிறது. இப்போது அது எங்கேயும் போவதில்லை. அவர் திரும்புவதற்காகக் காத்திருக்கிறது.