மேலே மிதந்த மஞ்சள்

லிஃப்ட் கதவு திறந்த வேகத்தில் ஓர் ஐஸ்பெட்டி வந்து அவள் முழங்காலில் மோதியது.

"பார்த்து... பார்த்து" என்றான் பெட்டிக்காரன்.

"இடிச்சது நீங்க. பார்க்க வேண்டியது நானா?"

"உங்களைச் சொல்லலைங்க. பெட்டியைச் சொன்னேன்."

தன் மழைக்கோட்டைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு அவன் தொப்பலாக நனைந்திருந்தான். இமையோரம் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று நின்றது. அதற்குப் பின்னால் இருந்த கண்களை அவள் தேவைக்கு மேல் ஒரு கணம் பார்த்துவிட்டாள்... முழங்கால் வலித்தது அப்புறம்தான் தெரிந்தது.

அவளுக்கு அந்த மருத்துவமனையின் பால் அறையில் வேலை. குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்மார்கள் அனுப்பும் பாலைச் சோதித்து, அளந்து, உள்ளே கொடுப்பாள். குளிர்சாதனப் பெட்டிகளின் ரீங்காரம்தான் பேச்சுத்துணை. அதிகம் பேசாத அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த ஐஸ்பெட்டியும் அங்கேதான் வந்து சேர்ந்தது. பால் அவனுடைய தங்கையுடையது. ஆபரேஷன் புண் ஆறாமல் தங்கை வீட்டில். குழந்தை இங்கே கண்ணாடிக்குள். ஹோட்டல் சமையல்காரனான அண்ணன் தினமும் பால் கொண்டுவந்தான்.

"மருமகன் என்ன சொல்றான்?"

"தூங்குறான். உங்களை மாதிரி வாயாடி இல்ல."

"அப்ப உங்களை மாதிரின்னு சொல்லுங்க..."

அவள் சிரிப்பை மறைக்கப் புட்டிகளின் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆனால் குழந்தையின் எடை ஏறவில்லை. ஒரு துளிப் பாலை மெல்லிய கண்ணாடிக் குழலில் ஏற்றி, இயந்திரத்தில் சுழலவிட்டுப் பார்த்தாள். மேலே ஒதுங்க வேண்டிய கொழுப்பு மயிரிழைபோல் நின்றது. டாக்டரிடம் சொன்னாள். இந்தப் பால் மட்டும் போதாது, பவுடர் சேர்க்கலாம் என்றார் அவர்.

மறுநாள் அவன் கேலி எதுவும் இல்லாமல் வந்தான்.

"தங்கச்சி நேத்திலேருந்து அழறா. உன் பால்ல சத்தே இல்லைன்னு மாமியார் முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. இனி பாலே எடுக்க மாட்டேன்னா. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன்." பெட்டியைத் திறந்தான். "நானும் எவ்வளவு சுத்தமா கொண்டு வரேன்... ஃப்ரிட்ஜ்ல வச்சா மேல மஞ்சளா ஒண்ணு மிதக்கும். கொதிக்க வச்ச கரண்டியால அதை வழிச்சு எடுத்துடுவேன். சூப்புக்கு அப்படித்தாங்க செய்வோம். தெளிவா இருக்கணும்ல."

புட்டி அவள் கையில் அப்படியே நின்றது. குளிர்பெட்டிகள் மட்டும் முனகின.

"அதைக் கொட்டிட்டீங்களா?"

"பின்ன..."

"அதுதாங்க கொழுப்பு." அவள் குரல் தாழ்ந்தது. "வயித்துக்குள்ள கடைசி மாசங்கள்ல அம்மாகிட்டேருந்து சேர்த்துக்க வேண்டியதைச் சேர்க்காமலே இவன் வந்துட்டான். எடை ஏற அது வேணும். மூளை வளர, கண்ணு தெளிவாப் பார்க்க... எல்லாத்துக்கும் அதுல இருக்கிறதுதான் வேணும். எடுக்காம அப்படியே விடுங்க. நான் மெதுவா சுழற்றிக் கலந்து கொடுத்துடுவேன்."

பேயறைந்தவன்போல் நின்றான். பிறகு லிஃப்டை நோக்கி நடந்துவிட்டான்.

அதன் பிறகு பெட்டியைத் தங்கையின் கணவர் கொண்டுவந்தார். பாலில் மஞ்சள் படலம் தடிப்பாக மிதந்தது. குழந்தை தேறியது. வீட்டில் என்னவோ, டாக்டர் சேர்த்த பவுடர் வேலை செய்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் வரவே இல்லை...

"குழந்தைக்கு எடை ஏறுது. உனக்கு ஏன்டி முகம் இறங்குது?" என்றாள் நர்ஸ் அக்கா.

அவள் புட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எப்படிக் கொண்டு வருகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி... அதைக் கேட்காமல் ஒரு தாயின் மேல் அல்லவா குறையைப் போட்டாள். இனி எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது? இருந்தும் ஒவ்வொரு முறை லிஃப்ட் திறக்கும்போதும் கண்கள் அங்கேதான் போயின.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் அவன் வந்தான். கையில் பெட்டி இல்லை.

"ஊருக்கே சமைச்சுப் போடுறவன்னு ஒரு திமிர்... வீட்ல சொல்ல வாய் வரலைங்க. நேத்துதான் மாமியாரை முன்னாடி வச்சுக்கிட்டே சொன்னேன். குறை அவ பால்ல இல்ல, என் கரண்டியிலன்னு."

"தங்கச்சி?"

"தலையணையாலயே ரெண்டு போட்டா. அப்புறம் அழுதா. அப்புறம் சிரிச்சா."

"பாதித் தப்பு என்னோடது. நான் கேட்டிருக்கணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை விழித்திருந்தான். கறுத்த, ஈரமான, நிதானமான பார்வை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மழைச் சத்தம் நீண்டது... நீண்டுகொண்டே போனது.

"கொஞ்ச நாளா என் மனசுலயும் ஒண்ணு மேல மேல மிதந்து வருதுங்க" என்றான், குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "லிஃப்ட்ல உங்களை இடிச்ச நாள்லேருந்து. வழிச்சு வழிச்சுக் கொட்டிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப வருது..."

கண்ணாடியில் அவள் மூச்சு பனியாகப் படிந்து, மெல்லக் கலைந்தது.

"இனிமே கொட்டாதீங்க" என்றாள்.