மாமனாரின் பெயர்

வேனிலிருந்து இறங்கி மேடேறியபோது மாலை நான்கு மணிதான். ஆனால் பனிமூட்டம் மலையையே மூடியிருந்தது. சோலேகா தட்டுத் தடுமாறித்தான் அம்மாவின் வட்ட வீட்டைக் கண்டுபிடித்தாள். அண்ணன் மனைவி நோபண்டு வாசலுக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன் அண்ணி இந்தக் குளிர்ல நிக்கிறீங்க?"

"உள்ள இருக்க முடியல சோலேகா. அத்தை உங்க தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க."

தென்னாப்பிரிக்கக் கோசா இனத்தில் வீட்டு மருமகள் மாமனார் பெயரை வாயில் எடுப்பதில்லை. அந்த ஓசை வருகிற சொல்லைக்கூடத் தொடமாட்டாள். தாத்தா பெயர் மன்சீனி. தண்ணீருக்குக் கோசா மொழியில் அமன்சி. வம்பே வேண்டாமென்று அம்மா கல்யாணமான நாள்முதல் தண்ணீரை 'நனைப்பு' என்றே சொல்லிவந்தாள். தாத்தா போய் முப்பது வருடமாகியும் அந்தக் கட்டுப்பாட்டை விடவில்லை.

அதையும் அல்சைமர் பிடுங்கிவிட்டது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு வீட்டுக்கு வரும் வழியை, பெற்ற பிள்ளைகளின் முகத்தை. இப்போது விழுங்குவதே மறந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நாளா ஒரு வாய் நனைப்பு இறங்கல," என்றாள் நோபண்டு. அவளும் அந்த வீட்டு மருமகள்தானே. "இன்னிக்குக் குடிக்கலேன்னா தாங்காதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி வண்டியும் இந்த மூட்டத்துல மேல வராதாம்."

சோலேகா உள்ளே போனாள்.

சாணம் மெழுகிய தரை வாசனை. அதோடு சுங்கான் புகையின் வாடை. தாத்தாவுக்குப் பிறகு வீட்டில் புகைபிடிப்பவர் யாருமில்லை.

அம்மா கட்டிலில் சாய்ந்து, எதிரிலிருந்த காலி முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"மன்சீனி... மன்சீனி..."

"அம்மா, நான் சோலேகா வந்திருக்கேன். ஒரு வாய் குடிம்மா."

"நீ யாரு? தள்ளிப் போ. அவரு கொண்டுவர்றாரு."

கோப்பையிலிருந்த தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினாள். அம்மா துப்பினாள். மறுபடி ஊட்டினாள். புரையேறி அம்மாவின் கண் செருகியது. சோலேகா முதுகைத் தட்டித் தட்டி மூச்சைத் திரும்ப வரவைத்தாள். பெற்றவள் கண்ணெதிரே தாகத்தில் சாகிறாள், கையில் தண்ணீர் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முக்காலி கிறீச்சிட்டது.

சோலேகா அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப தைரியமில்லை.

"தாத்தா," என்று கிசுகிசுத்தாள். "நீங்களாவது குடுங்க. எங்கம்மா பொழச்சாப் போதும்."

அம்மா வாயைத் திறந்தாள்.

மடக்.

மடக்.

தொண்டை ஏறி இறங்கியது. உதட்டோரம் தண்ணீர் வழிந்து போர்வை நனைந்தது. சோலேகாவின் கையிலிருந்த கோப்பையில் தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை.

அம்மா முக்காலியின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு சோலேகாவைப் பார்த்தாள். முகத்தில் பழைய தெளிவு.

"இந்தப் பொண்ணு யாருன்னு கேக்குறாரு," என்றாள். "தெரியலேன்னு சொல்லிட்டேன்."

சோலேகா கட்டில் விளிம்பில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள். ஒரு கை அவள் தலையை மெல்லத் தடவியது. அம்மாவுக்குத் தன்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்று அந்த ஒரு கணம் அவள் மனம் குளிர்ந்துபோனது.

நிமிர்ந்தாள்.

அம்மாவின் இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன. கை இன்னும் தடவிக்கொண்டிருந்தது.